70 வயது ஆனவர்களுக்கு ரூ.5 லட்சம் வரை இலவச சிகிச்சை
ஊர் விட்டு ஊர் வந்தவர்களும் பெறலாம்

சம்பளம் நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிச் செலவு தொடங்குகிறது. மும்பைத் தமிழர்களுக்கு இது புதிய சேதி அல்ல.

தாராவியில் தோல் பட்டறைகளில் உழைத்தவர்கள், கம்பெனிகளில் கணக்கு எழுதிய குமாஸ்தாக்கள் ஆகியோரில் பலர் இன்று எழுபதைத் தாண்டி, மகன் வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து கடிதம் வரும். போன வருஷத்தை விடப் பிரீமியம் கூடி இருக்கும்.

"இந்தத் தடவை கட்ட வேண்டாம்பா. எனக்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்பார் பெரியவர்.

மகனும் பேசாமல் இருந்து விடுவான். அவனுக்கும் வாடகை இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது.

அப்படிக் கைவிடும் முன் தெரிந்து கொள்ள வேண்டிய உதவிகள் சில உண்டு.

வருமானம் கேட்பதில்லை

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2018-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி தொடங்கியது. 2011-ம் ஆண்டு கணக்கெடுப்பில் ஏழைகள் என்று பதிவான குடும்பங்களுக்கே முதலில் அது கிடைத்தது. பிழைப்புக்காக இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களின் பெயர் எந்தப் பட்டியலில்தான் ஒழுங்காக ஏறுகிறது?

2024-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி அந்தக் கதவு அகலத் திறந்தது. 70 வயது ஆன எல்லோருக்கும் 'ஆயுஷ்மான் வய வந்தனா' கார்டு உண்டு என்று அறிவிக்கப்பட்டது. ஏழையா, பணக்காரரா என்ற கேள்வி இல்லை. ஆதார் ஒன்றே போதும். பிரீமியம் ஒரு காசு கிடையாது. அந்தச் செலவை மத்திய அரசும் மாநில அரசும் ஏற்கின்றன.

வருஷத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். கணவன், மனைவி இருவருமே 70-ஐக் கடந்தவர்கள் என்றால் இந்தத் தொகையை இருவரும் பகிர்ந்து கொள்ள வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று ஏற்கனவே இருக்கும் நோய்களுக்காகக் காத்திருக்கும் காலம் எதுவும் இல்லை.

மும்பையில் எடுத்த கார்டு திருநெல்வேலியிலும் செல்லும். கோவில் கொடைக்கு ஊருக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்தால் மும்பைக்குத் திரும்பி ஓட வேண்டியது இல்லை. ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும்.

ஆதாரில் வயது தப்பா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஆதார் எடுத்தபோது வயதைக் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். 72 வயதுக்காரர் ஆதாரில் 68 என்று இருந்தால் அவருக்குக் கார்டு இல்லை. தேதியைத் திருத்தலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான். ஆகவே, தக்க சான்றோடு போவது நல்லது.

இன்னொரு குறை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் இந்த உதவி. மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு இல்லை. பெரியவர்களின் பணம் பெரும்பாலும் மருந்துக் கடைக்கே போகிறது என்பதை அரசும் யோசிக்க வேண்டும்.

ரூ.120 கட்டினால் ஈ.எஸ்.ஐ.

மருந்துச் செலவுக்கு வழி ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. குறைந்தது 5 வருஷம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்ற தொழிலாளி, வருஷத்துக்கு ரூ.120 முன்பணமாகக் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி தொடரும். மாதம் பத்தே ரூபாய்! டிஸ்பென்சரியில் மருந்தும் வாங்கிக் கொள்ளலாம். கணவர் இறந்த பிறகும் மனைவி பணம் கட்டித் தொடரலாம்.

வேலையை விட்ட அன்றே ஈ.எஸ்.ஐ. கார்டைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ! பழைய இன்சூரன்ஸ் நம்பரும், கம்பெனி கொடுத்த ஓய்வுச் சான்றும் இருந்தால் கிளை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஈ.எஸ்.ஐ. இருப்பவர்களும் 70 வயது கார்டைத் தனியாகப் பெறலாம்.

சொந்தப் பணத்தில் பாலிசி எடுத்தவர்களுக்கும் ஓரளவு நிம்மதி உண்டு. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் நீக்கப்பட்டது. ரூ.20 ஆயிரம் பிரீமியத்துக்கு ரூ.3,600 வரி கட்டி வந்தார்கள். முதியோர் பிரீமியத்தை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் முதலில் தன்னைக் கலக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் 2025-ம் ஆண்டு ஜனவரியில் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது.

அறுபதில் ஓய்வு பெற்று எழுபதை எட்டாதவர்கள்தான் நடுவில் மாட்டிக் கொள்கிறார்கள். பழைய ஏழைகள் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அவர்களுக்கு வயதுக்கான கார்டும் கிடையாது. அவர்கள் முதலில் தட்ட வேண்டியது ஈ.எஸ்.ஐ. கதவைத்தான்.

70 வயது கார்டு பற்றி 14555 என்ற இலவச டெலிபோன் நம்பரில் கேட்கலாம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தனி உதவி மேஜை இருக்கும். இந்தி தெரியாத பெரியவர்கள், பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது.