கூடமே பள்ளியாக: மெம்பிஸ் நகரின் இளைஞர் இசைக்குழுக்கள்

முன்னுரை

ராக் இசை என்றவுடன் இளைஞர் முகம் மலர்வதும், பெரியோர் முகம் சுளிப்பதும் நாம் காணும் காட்சியாகும். காதைத் துளைக்கும் ஓசை, கட்டுப்பாடற்ற வாழ்க்கை, வீணாகும் பொழுது என்பனவே அவ்விசையைப் பற்றிப் பலர் மனத்தில் பதிந்துள்ள சித்திரம். அச்சித்திரம் முற்றிலும் பொய் என்று கூறிவிட இயலாது. எனினும் அதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. பள்ளிப் பருவத்து இளைஞர் நால்வரோ அறுவரோ கூடி, ஆளுக்கொரு கருவியை ஏந்தி, ஒருவர் வாசிப்பை மற்றவர் செவிமடுத்து, ஒன்றுபட்டு இசைக்கக் கற்பது கடும் பயிற்சியாகும். அப்பயிற்சிக்கு ஓர் இடம் வேண்டும், கருவிகள் வேண்டும், வழிகாட்ட மூத்தோர் வேண்டும். இம்மூன்றும் ஓர் எளிய தெருவில் ஒருங்கே அமைந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கு, அமெரிக்க நாட்டின் மெம்பிஸ் நகரத்து ‘ஸ்டாக்ஸ்’ ஒலிப்பதிவுக் கூடம் தக்க சான்றாகும். அக்கூடம் இளைஞர்க்குப் பள்ளியாக விளங்கிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரையரங்கு கூடமான வரலாறு

ஸ்டாக்ஸ் கூடத்தைத் தோற்றுவித்தவர் ஜிம் ஸ்டூவர்ட் என்னும் வெள்ளையர். பகலில் வங்கி எழுத்தர். ஓய்வு நேரத்தில் நாட்டுப்புறப் பாணியில் பிடில் வாசிப்பவர். இவர் 1957ஆம் ஆண்டில் ‘சாட்டிலைட்’ என்னும் பெயரில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு, இவரினும் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்த தமக்கையார் எஸ்டெல் ஆக்ஸ்டன், தம் வீட்டை அடைமானம் வைத்து ஓர் ஒலிப்பதிவுக் கருவி வாங்கித் தந்தார். ஒரு பெண்மணி தம் குடும்பத்தின் வீட்டையே பணயமாக வைத்தார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1960ஆம் ஆண்டில் இவ்விருவரும் மெம்பிஸ் நகரின் கிழக்கு மெக்லெமோர் சாலையில் மூடிக்கிடந்த ‘கேபிட்டல்’ திரையரங்கை வாடகைக்குப் பிடித்தனர். நாற்காலிகளைத் தாமே அகற்றினர். எதிரொலியைக் குறைக்கத் திரைச்சீலைகளைத் தொங்கவிட்டனர். மேடையின்மீது ஒலிக்கட்டுப்பாட்டு அறையை அமைத்தனர். சரிவான தரையைச் சமன்செய்யப் பணமில்லாமையால் அதனை அவ்வாறே விட்டுவிட்டனர். அச்சரிவும் உயர்ந்த கூரையுமே பிற்காலத்தில் அக்கூடத்தின் ஒலிக்குத் தனித்தன்மை அளித்தன என்பர். வறுமையால் விளைந்த குறை சிறப்பாக மாறியது வியப்பிற்குரியது.

1961ஆம் ஆண்டில், சாட்டிலைட் என்னும் பெயரில் வேறொரு நிறுவனம் இருப்பது தெரியவரவே, ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் என்னும் இருவர் பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ஸ்டாக்ஸ்’ என்று புதுப்பெயர் சூட்டினர்.

கடையே முதல் வகுப்பறை

திரையரங்கில் தின்பண்டம் விற்ற பகுதியை எஸ்டெல் அம்மையார் இசைத்தட்டுக் கடையாக மாற்றினார். அக்கம்பக்கத்து இளைஞர்கள் மாலை வேளைகளில் அங்கே கூடினர். வாங்கப் பணமில்லாதவரும் நின்று கேட்கலாம். இக்கடையே அவ்விளைஞர்களின் முதல் வகுப்பறை எனலாம். ஓர் இசைத்தட்டு மக்கள் மனத்தைக் கவர்ந்தது எனில், அதற்குக் காரணம் யாது, பல்லவி எங்கே வருகிறது, தாளம் எவ்விடத்தில் மாறுகிறது என்று ஆராயும்படி அம்மையார் அவர்களை ஊக்குவித்தார். கூடத்தில் புதிதாகப் பதிவானவற்றைக் கடைக்கு வருவோர்க்குப் போட்டுக்காட்டி அவர்தம் கருத்தையும் அறிந்தார்.

எதிரேயிருந்த மளிகைக் கடையில் பணியாற்றிய டேவிட் போர்ட்டர் என்னும் இளைஞர் சாலையைக் கடந்து வந்து பாடலாசிரியரானார். கடையில் விற்பனையாளராக இருந்த ஸ்டீவ் கிராப்பர் கூடத்தின் தலைசிறந்த கிதார் கலைஞரானார். டீனி பார்க்கர் என்னும் பெண்மணி அதே கடையில் பணிபுரிந்து, பின்னர் நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பை ஏற்றார். கதவு திறந்திருந்தமையால் நிகழ்ந்தவை இவை.

அக்காலத்து மெம்பிஸ் நகரின் நிலையை இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். கறுப்பின மாணவர்க்கு ஒரு பள்ளி, வெள்ளையின மாணவர்க்கு வேறொரு பள்ளி. உணவகத்திலும் பேருந்திலும் பூங்காவிலும் பிரிவினை. இரு இனத்து இளைஞரும் ஒரு மேசையில் அமர்ந்து உண்ணவியலாத நகரில், ஒரே அறையில் அமர்ந்து இசைக்கும் கூடம் ஒன்று இயங்கியது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடியாகும்.

மாணவர்கள் அமைத்த குழுக்கள்

மெசிக் உயர்நிலைப் பள்ளியின் வெள்ளையின மாணவர் சிலர் ‘ராயல் ஸ்பேட்ஸ்’ என்னும் பெயரில் ராக் இசைக்குழு ஒன்றை நடத்திவந்தனர். ஸ்டீவ் கிராப்பர், டொனால்ட் டன் ஆகியோர் அதில் இருந்தனர். எஸ்டெல் அம்மையாரின் மகன் பாக்கி அவர்களுடன் சாக்சபோன் வாசித்தார். தாய்மாமனிடம் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது என்பதே அவருடைய பெருந்தகுதியாக நண்பர்களுக்குத் தோன்றியது போலும். இக்குழுவே பின்னர் ‘மார்-கீஸ்’ எனப் பெயர் மாறியது. 1961இல் இப்பெயரில் வெளிவந்த ‘லாஸ்ட் நைட்’ என்னும் கருவியிசை அமெரிக்கத் தரவரிசையில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அப்பதிவில் கறுப்பினக் கலைஞரும் இணைந்து வாசித்தனர்.

கறுப்பின மாணவர் பயின்ற புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் புக்கர் டி. ஜோன்ஸ் என்னும் மாணவர் இருந்தார். 1960இல், ரூஃபஸ் தாமசும் அவர் மகள் கார்லாவும் பாடிய பாடல் பதிவானபோது, சாக்சபோன் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. டேவிட் போர்ட்டர் பள்ளிக்கே சென்று இவரை வகுப்பிலிருந்து அழைத்து வந்தார். அன்று இவருக்குப் பதினாறு வயதும் நிரம்பவில்லை. ஈராண்டுகள் கழித்து, 1962இல், வரவேண்டிய பாடகரின் பதிவு நடைபெறாமற் போகவே, கூடத்திலிருந்த நால்வரும் பொழுதுபோக்காக வாசித்தனர். ஸ்டூவர்ட் அதனைப் பதிவுசெய்தார். இசைத்தட்டின் மறுபக்கத்திற்கென வாசிக்கப்பட்ட ‘கிரீன் ஆனியன்ஸ்’ நாடெங்கும் புகழ் பெற்றது. ‘புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ்’ என்னும் குழு அவ்வாறே பிறந்தது. சில ஆண்டுகளில் டொனால்ட் டன் அக்குழுவில் சேர்ந்தபோது, கறுப்பினத்தார் இருவரும் வெள்ளையர் இருவருமாக அக்குழு அமைந்தது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதினேழு வயதில் நாடறிந்த கலைஞராகிவிட்ட புக்கர் ஜோன்ஸ், படிப்பு இனி எதற்கு என்று எண்ணினாரல்லர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாக இசை பயின்றார். வார இறுதியில் நெடுந்தூரம் பயணம் செய்து மெம்பிஸ் வந்து ஒலிப்பதிவில் கலந்துகொண்டு, மீண்டும் வகுப்பிற்குத் திரும்பினார். 1966இல் பட்டம் பெற்றார். அவர் இல்லாத நாட்களில் ஐசக் ஹேஸ் என்னும் இளைஞர் அவ்விடத்தில் அமர்ந்து வாசித்தார். ஒருவரது கல்வி மற்றொருவருக்கு வாய்ப்பாக அமைந்தது. அந்த ஐசக் ஹேஸ் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்.

கற்கும் முறை

தொடக்க ஆண்டுகளில் அக்கூடத்தில் இருந்தது ஒற்றைத்தட ஒலிப்பதிவுக் கருவியாகும். இன்று ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிவுசெய்து, பிழையைத் திருத்தி, பின்னர் ஒன்றுசேர்க்கலாம். அன்று அவ்வசதி இல்லை. பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இசைக்க வேண்டும். ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே தன் திறமையைக் காட்டுவதினும் பிறர் வாசிப்பைக் கேட்பதே முதற்கடமையாயிற்று. மிகுதியாக வாசிப்பவர் அன்று, தேவையானதை மட்டும் வாசித்துப் பிறர்க்கு இடம் விடுபவரே சிறந்த கலைஞர் என்னும் மரபு அங்கே வளர்ந்தது.

பெரும்பாலும் இசைக்குறிப்புகளை எழுதிவைத்து வாசிப்பதில்லை. வாய்மொழியாகவே பயிற்சி நடைபெற்றது. 1962இல் வேறொரு குழுவின் வண்டியோட்டியாக வந்து, எஞ்சிய சிறிது நேரத்தில் பாடிக்காட்டி வாய்ப்புப் பெற்ற ஓட்டிஸ் ரெடிங், ஊதுகருவியாளர்கள் வாசிக்க வேண்டியதைத் தாமே வாயால் இசைத்துக் காட்டுவார். அவர்கள் அதனைக் கேட்டு உடனே வாசிப்பர்.

பார்-கேஸ் குழுவின் பெருமையும் துயரும்

மூத்தோர் இளையோரைப் பயிற்றுவித்தமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘பார்-கேஸ்’ குழுவாகும். அதன் உறுப்பினர் அறுவரில் பெரும்பாலோர் வாஷிங்டன் பள்ளி மாணவர்கள். தாள இசைக் கலைஞரான கார்ல் கன்னிங்ஹாம், கூடத்தின் அருகிலிருந்த முடிதிருத்தகத்தில் காலணிகளுக்கு மெருகிட்டவர். முதலில் வாசித்துக் காட்டியபோது இக்குழு ஏற்கப்படவில்லை. அவர்கள் மனந்தளராது மீண்டும் வந்தனர், ஸ்டூவர்ட் ஏற்றுக்கொண்டார். தாள வல்லுநர் அல் ஜாக்சன் முதலியோர் அவர்களைப் பயிற்றுவித்தனர்.

1967இல் அவர்கள் பதிவுசெய்த ‘சோல் ஃபிங்கர்’ பெருவெற்றி பெற்றது. அதில் ஒலிக்கும் சிறுவர்களின் ஆரவாரம், கூடத்தின் வெளியே நின்றிருந்த தெருப்பிள்ளைகளின் குரலாகும். அவர்களுக்கு அளிக்கப்பட்ட ஊதியம் கொக்கோ கோலா! அவ்வாண்டே ஓட்டிஸ் ரெடிங் இவ்விளைஞர்களைத் தம் மேடைக் குழுவாக ஏற்று ஊர்தோறும் அழைத்துச் சென்றார்.

1967 டிசம்பர் 10ஆம் நாள், அவர்கள் பயணம் செய்த சிறு விமானம் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரருகே மோனோனா ஏரியில் வீழ்ந்தது. ஓட்டிஸ் ரெடிங்குக்கு அன்று வயது இருபத்தாறு. அவரும், குழுவின் இளைஞர் நால்வரும், உடன் சென்ற இருவரும் மாண்டனர். இருக்கைத் திண்டு ஒன்றைப் பற்றியவாறு மிதந்த டிரம்பெட் கலைஞர் பென் காலி மட்டுமே பிழைத்தார். வேறு விமானத்தில் சென்ற ஜேம்ஸ் அலெக்சாண்டர் உயிர் தப்பினார். பத்தொன்பது வயதைத் தாண்டாத பிள்ளைகளைப் பறிகொடுத்த அத்தெரு அடைந்த துயரைச் சொல்லில் அடக்க இயலாது.

எஞ்சிய இருவரும் இசையைத் துறக்கவில்லை. புதிய இளைஞர்களைத் தேடிச் சேர்த்துக் குழுவை மீண்டும் எழுப்பினர். 1969இல் ஐசக் ஹேசின் புகழ்பெற்ற இசைத்தொகுப்பிற்குப் பின்னணி இசைத்தனர். 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு டாலர் கட்டணத்தில் நடைபெற்ற ‘வாட்ஸ்டாக்ஸ்’ விழாவில் இலட்சம் பேருக்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில் வாசித்தனர்.

வீழ்ச்சியும் அதன் படிப்பினையும்

இரு இனத்தாரும் ஒன்றாக அமரக்கூடிய சில இடங்களுள் ஒன்று லொரெய்ன் விடுதி. ஸ்டாக்ஸ் கலைஞர்கள் அங்கே கூடிப் பாடல்கள் இயற்றினர். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் அவ்விடுதியில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரெங்கும் கலகம் மூண்டது. ஸ்டாக்ஸ் கூடத்திற்குச் சேதம் எதுவும் நேரவில்லை. ஆயினும் உள்ளிருந்தோரிடையே நிலவிய பழைய நம்பிக்கை தளர்ந்தது.

அதே ஆண்டு மற்றோர் இடியும் விழுந்தது. ஸ்டாக்ஸ் இசைத்தட்டுகளை விநியோகித்துவந்த அட்லாண்டிக் நிறுவனத்துடனான உறவு முறிந்தபோது, 1965இல் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படி மூலப் பதிவுகளின் உரிமை அந்நிறுவனத்திற்கே உரியது என்பது தெரியவந்தது. கைகுலுக்கலில் நம்பிக்கை வைத்த ஸ்டூவர்ட், ஒப்பந்தத்தைக் கருத்தூன்றிப் படிக்காமலே கையொப்பமிட்டிருந்தார். எட்டாண்டு உழைப்பின் பயன் ஒரே வாசகத்தால் கைநழுவியது. அதன்பின் அல் பெல் என்னும் கறுப்பினத் தலைவர் பேருழைப்பால் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தினார். எனினும் கடன்சுமை பெருகி, 1975 டிசம்பரில் நிறுவனம் நொடித்தது. ஸ்டூவர்ட் தம் செல்வத்தை இழந்தார். 1989இல் கூடமும் இடித்துத் தள்ளப்பட்டது.

கலையைக் கற்றவர்கள் கணக்கையும் சட்டத்தையும் கற்கவில்லை என்பதே இவ்வீழ்ச்சி உணர்த்தும் பாடம். இளைஞர்க்கு இசைக்கக் கற்பிப்போர், தம் உழைப்பின் உரிமையைக் காக்கவும் கற்பிக்க வேண்டும்.

மீண்டும் எழுந்த பள்ளி

வெற்றிடமாகக் கிடந்த அம்மண்ணை ஊர்மக்கள் மறந்துவிடவில்லை. டீனி பார்க்கர் முதலியோர் முயற்சியால் 2000ஆம் ஆண்டில் ‘ஸ்டாக்ஸ் மியூசிக் அகாதெமி’ என்னும் இசைப்பள்ளி தொடங்கப்பட்டது. 2003இல் பழைய திரையரங்கின் முகப்பைப் போன்ற முகப்புடன் அதே இடத்தில் அருங்காட்சியகம் எழுந்தது. முன்பு திட்டமின்றித் தானாக நிகழ்ந்த பயிற்சி, இப்போது முறையான கல்வியாயிற்று. அகாதெமி மாணவர்கள் குழுக்களாக இணைந்து பயின்று மேடையேறுகின்றனர்.

நிறைவுரை

ஸ்டாக்ஸ் கூடத்தில் விலையுயர்ந்த கருவிகள் இருந்ததில்லை. சரிவான தரையும் ஒரு பழைய பதிவுக்கருவியுமே இருந்தன. ஆனால் வீட்டை அடைமானம் வைத்த அம்மையாரும், வாசலில் நின்ற சிறுவனை உள்ளே அழைத்த மூத்த கலைஞரும் இருந்தனர். முதன்முறை மறுக்கப்பட்ட பிள்ளைகள் மறுமுறை வந்தபோதும் கதவு திறந்தே இருந்தது. தெருவில் பிள்ளைகள் எழுப்பும் ஓசை நமக்கு இரைச்சலாகத் தோன்றலாம். அவர்கள் கூடிப் பயில ஓர் அறையும், பொறுமையுடன் கேட்க ஒரு பெரியவரும் கிடைப்பின், அவ்விரைச்சல் இசையாகலாம். மெம்பிஸ் நகரின் மெக்லெமோர் சாலையில் அவ்வாறே ஆயிற்று.