யாரிடம் கத்தியைக் கொடுப்பது?
அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் தலைமை மருத்துவர் என்ன செய்கிறார்?

நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எல்லாவற்றுக்கும் தலைவர் டீன். அவர் மருத்துவர், நிர்வாகமும் அவர் கையில்தான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்காக மத்திய அரசு நடத்தும் மருத்துவமனைகளில் ஏற்பாடு வேறு. அங்கே முதல் நாற்காலி இயக்குநருக்கு. அவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டடம், பட்ஜெட், ஆள் எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு அடுத்து, மருத்துவம் சம்பந்தப்பட்ட அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டிய மூத்த மருத்துவர் ஒருவர் இருக்கிறார். பதவியின் பெயர் ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’. இங்கே அவரைத் தலைமை மருத்துவர் என்றே சொல்வோம்.

இந்தப் பதவிக்கு வருபவர் அந்த மருத்துவமனையிலேயே கைராசியான மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் அரை நாள், ஒரு நாள் நோயாளிகளைப் பார்ப்பவர்கள் உண்டு. மற்ற நேரமெல்லாம் அவர் பார்ப்பது மருத்துவர்களை. இங்கே யார் எந்தச் சிகிச்சையைச் செய்யலாம், செய்தது சரியாக இருந்ததா, சரியில்லை என்றால் யார் நிறுத்துவது? இந்த மூன்று கேள்விகளில் அடங்கிவிடும் அவர் வேலை.

எவ்வளவு பெரிய அமைப்பு?

‘விஏ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் முன்னாள் படைவீரர் நிர்வாகம் 1930-இல் அதிபர் ஹூவரின் ஆணையால் உருவானது. 1989-இல் தனி அமைச்சகமாக உயர்ந்தது. இன்று ஏறத்தாழ 170 மருத்துவமனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறநோயாளிக் கிளினிக்குகள், சுமார் 90 லட்சம் பதிவு பெற்ற பயனாளிகள். தனியார் மருத்துவமும் காப்பீட்டு நிறுவனங்களும் கோலோச்சும் நாட்டில், கட்டடமும் அரசுடையது, மருத்துவரும் அரசுச் சம்பளக்காரர் என்று நடக்கும் அமைப்பு இது.

இந்தியாவில் முன்னாள் படைவீரர்களுக்கு இ.சி.எச்.எஸ். திட்டம் 2003 முதல் இருக்கிறது. அதில் பாலிகிளினிக்கில் காட்டிவிட்டு, மேல்சிகிச்சைக்கு ராணுவ மருத்துவமனைக்கோ அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைக்கோ போக வேண்டும். விஏ தன் பயனாளிகளுக்கென்றே சொந்த மருத்துவமனைகளை வைத்திருப்பதால், அங்கே வேலை செய்யும் ஒவ்வொரு மருத்துவரின் தரத்துக்கும் அதுவே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

1946: கல்லூரி உள்ளே வந்தது

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது லட்சக்கணக்கான வீரர்கள் காயத்தோடு திரும்பினார்கள். விஏ மருத்துவமனைகளிலோ நல்ல மருத்துவர்களுக்குப் பஞ்சம். சிவில் சர்வீஸ் விதிப்படி ஆள் எடுப்பதற்குள் காலம் ஓடிவிடும். 1945-இல் விஏ பொறுப்புக்கு வந்த ஜெனரல் ஓமர் பிராட்லி, மேஜர் ஜெனரல் பால் ஹாலியை மருத்துவத் தலைமைக்குக் கொண்டுவந்தார். 1946 ஜனவரி 3 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம், சிவில் சர்வீஸ் கெடுபிடி இல்லாமல் மருத்துவர்களை எடுக்க வழி செய்தது. அதே மாதம் 30-ஆம் தேதி வந்த ‘கொள்கைக் குறிப்பு எண் 2’, விஏ மருத்துவமனைகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்தது. சிகாகோ அருகிலுள்ள ஹைன்ஸ் மருத்துவமனை இதில் முன்னோடி.

அந்த இணைப்பால் தலைமை மருத்துவருக்கு ஆசிரியர் பொறுப்பும் சேர்ந்தது. பல ஊர்களில் அவரே பக்கத்து மருத்துவக் கல்லூரியின் இணை டீனாகவும் இருப்பார். ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மருத்துவ, செவிலியர், துணை மருத்துவ மாணவர்கள் விஏவில் பயிற்சி பெறுகிறார்கள். அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சியை முடித்த தமிழ் மருத்துவர்களைக் கேட்டால், சுழற்சியில் சில மாதம் விஏவில் இருந்ததைச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆராய்ச்சியும் இந்தக் குடையின் கீழ்தான். 1977-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற ரோசலின் யாலோ நியூயார்க்கின் பிராங்க்ஸ் விஏவிலும், ஆண்ட்ரூ ஷாலி நியூ ஆர்லியன்ஸ் விஏவிலும் வேலை பார்த்தவர்கள்.

சான்றிதழ் வேறு, அனுமதி வேறு

ஒரு குடல்நோய் நிபுணர் புதிதாகச் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுக்கும் நகல்களை அப்படியே கோப்பில் போட முடியாது. பட்டம் உண்மையா என்று படித்த கல்லூரியிடமே கேட்க வேண்டும். உரிமம் செல்லுபடியாகிறதா என்று மாநில வாரியத்திடம் கேட்க வேண்டும். ஏதாவது ஒரு மாநிலத்தின் உரிமம் இருந்தாலே நாட்டின் எந்த விஏவிலும் வேலை செய்யலாம் என்பதால் இந்தச் சரிபார்ப்புக்குக் கூடுதல் கனம். முன்பு வேலை செய்த இடத்தில் புகார் உண்டா, இழப்பீட்டு வழக்கு உண்டா என்று தேசியத் தரவு வங்கியிலும் தேட வேண்டும்.

இத்தனையும் தேறினாலும் அவர் உடனே வேலையைத் தொடங்கிவிட முடியாது. எந்தெந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். கொலனோஸ்கோபி செய்யலாம் என்பது ஒரு வரி. பித்தக்குழாயில் அடைத்த கல்லை எண்டோஸ்கோபி வழியாக எடுக்கலாம் என்பது இன்னொரு வரி. முதல் வரிக்கு அனுமதி இருப்பதால் இரண்டாவது தானாக வந்துவிடாது. இதில் மருத்துவரின் திறமை பாதி, மருத்துவமனையின் தகுதி மீதி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தேவைப்படும் தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில், எத்தனை பெரிய சர்ஜனாக இருந்தாலும் அந்த அறுவைக்கு அனுமதி கிடையாது.

இந்த விண்ணப்பங்களை அலசும் மருத்துவர் குழுவுக்குத் தலைமை மருத்துவர்தான் தலைவர். குழு பரிந்துரைக்கும், இயக்குநர் கையெழுத்திடுவார். இயக்குநர் மருத்துவராக இல்லாத இடத்தில், அந்தப் பரிந்துரையை நம்பித்தான் கையெழுத்து விழுகிறது. புதியவரின் முதல் சில சிகிச்சைகளை மூத்தவர் ஒருவர் உன்னிப்பாகப் பார்ப்பார். அதன்பின் வேலை தொடர்ந்து கண்காணிக்கப்படும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அனுமதியையும் புதுப்பிக்க வேண்டும்.

தவறு நடந்த பிறகு

சிகிச்சையில் ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது, அதே துறையைச் சேர்ந்த இன்னொரு மருத்துவர் கோப்பைப் படித்து மூன்றில் ஒரு நிலையைக் கொடுப்பார். திறமையான பெரும்பாலானோர் இதே மாதிரிதான் செய்திருப்பார்கள் என்றால் முதல் நிலை. வேறு மாதிரி செய்திருக்கக்கூடும் என்றால் இரண்டாவது. நிச்சயம் வேறு மாதிரிதான் செய்திருப்பார்கள் என்றால் மூன்றாவது. முடிவு செய்யும் குழுவுக்கும் தலைமை மருத்துவரே தலைவர்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த ஆய்வில் வெளிவருவதை வைத்து மருத்துவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது. சட்டப்படி அது ரகசியம். தண்டனை பயம் இருந்தால் யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள் என்பது காரணம். விஷயம் முற்றிப்போய் நடவடிக்கை தேவை என்று தோன்றினால், அதற்கென்று தனி விசாரணையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் புகாரை எந்தப் பாதையில் அனுப்புவது என்று ஆரம்பத்திலேயே சரியாகக் கணிப்பது இந்தப் பதவியின் கடினமான வேலை. தவறான பாதையில் போன புகார் பிறகு எதற்கும் உதவாமல் போய்விடலாம்.

நோயாளிக்குப் பெரிய தீங்கு நேர்ந்திருந்தால் அதை மறைக்கக் கூடாது என்பதும் விதி. நோயாளியையோ குடும்பத்தையோ அழைத்து, நடந்ததையும் அவர்களுக்குள்ள இழப்பீட்டு உரிமையையும் மருத்துவமனைத் தலைமை சொல்ல வேண்டும். விஏ மருத்துவர் பணியில் செய்த தவறுக்கு அவர் மேல் நேரடியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. வழக்கு அமெரிக்க அரசின் மேல்தான் பாயும்.

ஃபேயட்வில்: காவல் எங்கே ஓட்டையானது?

விதிகள் இத்தனை இருந்தும் எப்படித் தோற்கலாம் என்பதற்கு ஆர்கன்சா மாநிலம் ஃபேயட்வில் நகரின் விஏ மருத்துவமனை ஓர் உதாரணம். அங்கே, திசு மாதிரிகளை ஆய்ந்து நோயைக் கண்டறியும் பேத்தாலஜி துறைக்குத் தலைவராக இருந்தவர் குடிப்பழக்கத்துக்கு அடிமை. 2015-இல் போதையில் பணிக்கு வருவதாகப் புகார் எழுந்தது; அவர் மறுத்தார். 2016-இல் பணியில் இருந்தபோது செய்த சோதனையில் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.396 சதவீதம். காரோட்டிகளுக்கு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 0.08. அனுமதி நிறுத்தப்பட்டது. மூன்று மாதச் சிகிச்சை முடித்து, திடீர்ச் சோதனைகளுக்கு ஒப்புக்கொண்டு அதே ஆண்டு அக்டோபரில் வேலைக்குத் திரும்பினார். பிறகு, வழக்கமான சோதனையில் சிக்காத ஒரு ரசாயனத்தை வாங்கிப் போதை ஏற்றிக்கொண்டார். 2018-இல் வேலை போனது.

அவர் பார்த்த சுமார் 34,000 மாதிரிகளை வெளியாட்களை வைத்து மறுபடி ஆய்ந்தபோது 3,000-க்கும் அதிகமான பிழைகள் தெரியவந்தன. ஒரு நோயாளிக்கு இருந்தது ஒரு வகைப் புற்றுநோய். அறிக்கையில் எழுதப்பட்டது வேறொரு வகை. அந்தத் தவறான அறிக்கையை நம்பிச் சிகிச்சை நடந்தது, அவர் இறந்தார். இரண்டாவது மருத்துவரும் அந்த முடிவை ஏற்றுக்கொண்டதாகக் கோப்பில் பொய்யாக எழுதப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில் நீதிமன்றம் அந்தப் பேத்தாலஜிஸ்ட்டுக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

குடியைத் தாண்டி இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேத்தாலஜியில் ஒரு பகுதி மாதிரிகளை இன்னொருவர் மறுபடி பார்த்துச் சரிபார்க்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது. ஆனால் சரிபார்க்க வேண்டியவர் துறைத் தலைவருக்குக் கீழே வேலை செய்தவர். புள்ளிவிவரங்களும் துறைத் தலைவர் வழியாகவே மேலே போயின. காகிதத்தில் பார்த்தால் பிழை விகிதம் சொற்பம். விஏவின் கண்காணிப்பு அலுவலகம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை மருத்துவமனைத் தலைமையைக் கடுமையாகச் சாடியது. பழிவாங்கலுக்கு அஞ்சி ஊழியர்கள் வாய் திறக்கவில்லை என்பதையும் சுட்டியது. துறைத் தலைவர்கள் எல்லோருக்கும் மேலே இருப்பவர் தலைமை மருத்துவர். துறைத் தலைவரே தன் துறைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டால், அவருக்குப் போடுவது யார் என்று கேட்க வேண்டிய இடம் அது.

காத்திருப்பும் மருத்துவப் பிரச்சினையே

2014-இல் ஃபீனிக்ஸ் நகர விஏவில் வேறு மாதிரிச் சிக்கல் வெடித்தது. முதல் சந்திப்புக்காகக் காத்திருந்த 1,700 பேர் அதிகாரபூர்வப் பட்டியலிலேயே இல்லை என்று கண்காணிப்பு அலுவலகம் கண்டறிந்தது. 14 நாளில் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்ற இலக்கு இருந்தது. அதை எட்டியதாகக் காட்டப் பட்டியலில் விளையாடியிருந்தார்கள். விஏ அமைச்சர் எரிக் ஷின்செகி மே மாதம் 30-ஆம் தேதி பதவி விலகினார்.

அதன் விளைவாக விதிகள் மாறின. 2019 முதல், பொது மருத்துவத்துக்கும் மனநலத்துக்கும் 20 நாளுக்குள் இடம் கிடைக்காவிட்டாலோ, கார்ப் பயணம் சராசரியாக 30 நிமிடத்தைத் தாண்டினாலோ விஏ செலவில் தனியாரிடம் போகலாம். சிறப்பு மருத்துவத்துக்கு இந்த வரம்பு 28 நாள், 60 நிமிடம். இதனால் தலைமை மருத்துவரின் மேசைக்குப் புதிய கணக்குகள் வந்து சேர்ந்தன. எந்தத் துறையில் எத்தனை இடம் திறப்பது, எதை வெளியே அனுப்புவது, வெளியே போனவரின் ஸ்கேனும் அறிக்கையும் திரும்பி வந்தனவா? வெளியே அனுப்பிவிட்டால் மருத்துவரின் தரத்தைக் கண்காணிக்கும் பிடி தளரும். அனுப்பாவிட்டால் வரிசை நீளும்.

சம்பளம்

விஏ மருத்துவரின் சம்பளத்துக்கு மூன்று பகுதிகள்: பணிக்காலத்துக்கேற்ற அடிப்படைத் தொகை, துறையையும் ஊரின் சந்தை நிலவரத்தையும் பொறுத்த தொகை, செயல்திறனுக்கான சிறு தொகை. மொத்தம் அதிபரின் சம்பளமான 4 லட்சம் டாலரைப் பொதுவாகத் தாண்டக் கூடாது என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. இதயம், எலும்பு, நரம்பு அறுவை நிபுணர்கள் வெளியே இதைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பது சாதாரணம். தன்னைவிட வெளியே அதிக மதிப்புள்ளவர்களை உள்ளே தக்கவைத்துக்கொண்டே, தலைமை மருத்துவர் அவர்களிடம் கண்டிப்பாகவும் நடக்க வேண்டும். ஒருவரை நிறுத்தினால் அந்த ஊரில் அடுத்த ஆள் கிடைக்க மாதக்கணக்காகும் என்ற பயம், சின்ன ஊர் மருத்துவமனைகளில் நிஜமானது. தள்ளிப்போடத் தூண்டுவதும் அந்தப் பயமே.

நமக்கு இதில் என்ன?

மருத்துவரின் தகுதியைச் சரிபார்த்து, சிகிச்சை வாரியாக அனுமதி கொடுக்கும் முறையை இந்தியாவில் மருத்துவமனைகளுக்கான என்.ஏ.பி.எச். தரச்சான்றும் கேட்கிறது. அந்தச் சான்று பெற்ற மருத்துவமனை நம் ஊரிலும் இந்த வேலையை யாராவது ஒருவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். மருத்துவ இயக்குநர், மருத்துவக் கண்காணிப்பாளர் என்று பெயர் மாறலாம். அவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி எளிமையானது: உங்கள் மருத்துவமனையில் அதிக வருமானம் ஈட்டித் தரும் சர்ஜனின் வேலையை, அவருக்குக் கீழே இல்லாத ஒருவர் கடைசியாக எப்போது சரிபார்த்தார்? தேதியோடு பதில் வந்தால் அந்தப் பதவி அங்கே உயிரோடு இருக்கிறது. தேதி வராவிட்டால் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது.