தோலில் படை, குதிகாலில் வலி: இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொன்னீர்களா?

"நின்னு நின்னு வேலை பார்த்ததுல வந்த வலிதான்." ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவர் குதிகால் வலியை இப்படிக் கடந்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் பால்கோவா கிண்டுகிறவர் விரல் வீங்கினால் அடுப்படி வேலையைக் காரணம் சொல்வார். பல நேரம் அது சரிதான். ஆனால், உடம்பில் சோரியாசிஸ் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

படைக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறுவதால் வருவது சோரியாசிஸ். அதே அழற்சி மூட்டுகளையும், தசைநார் எலும்போடு சேரும் இடங்களையும் தாக்கினால் அது 'சோரியாடிக் ஆர்த்ரைட்டிஸ்'. சோரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரை இது வரலாம். பலருக்கும் படை வந்து பல வருடம் கழித்துத்தான் மூட்டு வலிக்கும். அதனால் தோலுக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று போகிறோம். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

5 கேள்விகள்

சோரியாசிஸ் உள்ளவர்களுக்காக பிரிட்டனில் உருவான 'பெஸ்ட்' கேள்விப் பட்டியல் இது:

1. மூட்டு எப்போதாவது வீங்கியதுண்டா?
2. மூட்டுவாதம் என்று டாக்டர் சொன்னதுண்டா?
3. நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் உண்டா?
4. குதிகால் வலித்ததா?
5. காரணமே இல்லாமல் ஒரு விரல் முழுவதும் வீங்கி வலித்ததா?

மூன்றுக்கு 'ஆமா' என்றால், ருமட்டாலஜிஸ்ட் எனும் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு விறைத்து, நடமாடியதும் குறைந்தால் அதையும் சொல்லுங்கள்.

'ஆர்.ஏ. நெகட்டிவ்' என்றால் நிம்மதியா?

இல்லை. இந்த நோயில் அந்த ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும். 2006-ல் வெளியான 'காஸ்பர்' அளவுகோலில், நெகட்டிவ் ரிசல்ட்டுக்கே ஒரு புள்ளி உண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் நார்மலாக இருக்கலாம். தேவைப்பட்டால் டாக்டர் ஸ்கேன் எழுதுவார்.

லேட்டானால்?

நிபுணரிடம் போக 6 மாதம் தாமதித்தவர்களுக்கே மூட்டு எலும்பு அரிப்பு அதிகம் இருந்ததை, 2015-ல் வெளியான அயர்லாந்து ஆய்வு காட்டியது. அரித்த எலும்பை மருந்தால் பழையபடி ஆக்க முடியாது. சீக்கிரம் தொடங்கினால் அரிப்பைக் கட்டுப்படுத்தலாம்.

என்ன செய்யலாம்?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. ராஜபாளையத்திலிருந்து சுமார் 85 கி.மீ. வீக்கம் வந்து வந்து போகும் என்பதால், இருக்கும்போதே போனில் போட்டோ எடுத்து வையுங்கள். நகத்தில் மருதாணியோ பாலிஷோ இல்லாமல் போங்கள். தோல் டாக்டரிடம் போனால் மறக்காமல் சொல்லுங்கள்: "டாக்டர், எனக்கு மூட்டும் வலிக்குது."