நாலு பேருக்குச் செய்த வண்டி

மலைப்பாதைச் சக்கரங்கள் – 9

வேகன் ஆர் பார்க்கப் போகிறவர்கள் பொனட்டைத் திறப்பார்கள், டயரை உதைப்பார்கள், ஏசியைப் போட்டு முகத்தை நீட்டிப் பார்ப்பார்கள். பின்கதவைத் திறந்து சீட் பெல்ட்டை எண்ணுகிறவர் அபூர்வம். எண்ணினால் இரண்டுதான் இருக்கும். ஜப்பானில் செய்து இங்கே வரும் வேகன் ஆரில் பின்னால் மூன்றாம் ஆளுக்கென்று ஒன்றும் கிடையாது. அது செலவை மிச்சம் பிடிக்க விட்டது அல்ல. அந்த வகை வண்டியில் நாலு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம்.

அங்கே ‘கேய்’ என்றொரு வகுப்பு இருக்கிறது. நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், உயரம் 2 மீற்றர், எஞ்சின் 660 சிசி. இவற்றைத் தாண்டாத வண்டிக்கு வரியில் சலுகை உண்டு. எஞ்சின் அளவு 1990இலும், நீள அகலம் 1998இலும் இன்றுள்ள நிலைக்கு வந்தன. நீட்டவும் முடியாது, அகட்டவும் முடியாது. மேலே மட்டும் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. அதைத்தான் சுசுகி பிடித்துக்கொண்டது. 1993 செப்டெம்பரில் வந்த முதல் வேகன் ஆர் கூரையை உயர்த்தி, ஆளை நாற்காலியில் இருத்துவதுபோல நிமிர்த்தி உட்கார வைத்தது. சாரதி பக்கம் ஒரு கதவு, மறுபக்கம் இரண்டு என்ற கோணல் வேறு. கேய் கார் என்றால் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போகும் வண்டி என்றிருந்த ஜப்பானில் இளைஞர்கள் இந்தப் பெட்டியை விரும்பி வாங்கினார்கள். பிறகு பெட்டிகள் பெருகின. 1995இல் டைஹட்சு மூவ் வந்தது. 2000இல் டொயோட்டா பிபி, கேய் வரம்புக்கு வெளியே 1300, 1500 சிசி எஞ்சின்களோடு வந்தது. அதுவே 2003இல் சயன் எக்ஸ்பி என்ற பெயரில் அமெரிக்க இளவட்டங்களிடம் விற்கப்பட்டது. எல்லாம் தனியாகவோ சோடியாகவோ சுற்றுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை.

மலையகத்தில் யார் தனியாக வண்டியில் போகிறார்கள்? கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் தம்பி தீபாவளிக்கு வருகிறான் என்றால் ஹட்டன் ஸ்டேஷனுக்கு அண்ணன் மட்டும் போனால் போதும். ஆனால் அண்ணி ஏறுவார், பிள்ளைகள் ஏறும், “நானும் டவுனுக்கு வாரேனே, மருந்து எடுக்கணும்” என்று அம்மா ஏறுவார். திரும்பி வரும்போது தம்பி, அவனுடைய இரண்டு பேக், அரிசி மூட்டை ஒன்று. நாலு பேருக்கென்று செய்த வண்டி தோட்டத்துக்குள் நாலு பேரோடு நுழைவதைக் காண்பதே அரிது.

இதை வாங்குகிறவர் யார் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அன்றைய கணக்கில் மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 33,750. ஒரு சதம் செலவழிக்காமல் சேர்த்தாலும் வருடத்துக்கு 4 லட்சத்து 5 ஆயிரம். இந்தச் சம்பளத்தில் கார் வராது. வருவது பிள்ளைகளின் பணத்தில். ஆசிரியர் நியமனம் கிடைத்த மகள், கட்டாரில் இருக்கும் மகன், நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் மருமகன் என்று இரண்டு மூன்று வருமானங்கள் ஒன்றாகச் சேர்ந்து, சீட்டு எடுத்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டு வாங்குவது. ஆகவே லீசிங் பத்திரத்தில் ஒருவர் பெயர் இருந்தாலும் வண்டி குடும்பத்துச் சொத்து. எல்லோரும் ஏறத்தான் செய்வார்கள்.

ஏறட்டும். ஆனால் மலை இந்தக் கணக்கை வேறு மாதிரிப் போடும்.

டேர்போ இல்லாத வேகன் ஆரின் எஞ்சின் 52 குதிரைவலு. அது கடல்மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் உறிஞ்சும் காற்று குறைந்தால் வலுவும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். வெலிமடை பக்கமிருந்து ஏறி நுவரெலியாவை நெருங்கும்போது உங்கள் காலடியில் இருப்பது 52 அல்ல, 43 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம் வண்டியின் எடை 800 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆறு பேரும் சாமானும் ஏறினால் 400 கிலோ கூடும், அதாவது வண்டியின் எடையில் பாதி. கொழும்பு காலி வீதியில் துள்ளிக்கொண்டு ஓடிய வண்டி ரதெல்ல பாதையில் ஏன் இப்படி முனகுகிறது என்று எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை.

‘அதுதான் ஹைபிரிட் இருக்கிறதே’ என்பார் விற்கிறவர். இருக்கிறதுதான். 2017இல் வந்த மாடலில் சிறிய மோட்டர் எஞ்சினுக்குக் கைகொடுக்கும். ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்? சுசுகி சொல்வதே அதிகபட்சம் 30 விநாடி. கினிகத்தேனையில் ஏறத் தொடங்கி வட்டவளை தாண்டி ஹட்டன் வரும்வரை நீளும் ஏற்றத்துக்கு 30 விநாடி உதவி எந்த மூலைக்கு? நகரத்தில் நின்று நின்று கிளம்புகிற வண்டிக்கு அது லாபம். மலையில் பிரேக் பிடிக்கும்போது லிதியம் பற்றரி சார்ஜ் ஆகும் என்பது உண்மை. ஆனால் சின்ன பற்றரி என்பதால் நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். பிறகு அதனால் உங்களுக்கு ஒரு உபகாரமும் இல்லை. ஜப்பான் பரிசோதனைக் கணக்கில் லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர் என்று எழுதிய அட்டையை விற்பனை நிலையத்துக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். அது தட்டையான ஊர்க்கணக்கு. பரிசோதனை முறையில் பிழை செய்ததாக 2016 மே மாதத்தில் சுசுகியே ஒப்புக்கொண்டதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வேகன் ஆர் ஸ்டிங்ரேயிலும் ஒரு சங்கதி உண்டு. முறைத்துப் பார்ப்பது போன்ற முன்முகம் உள்ள அந்த மாடலுக்கு நம் பையன்கள் மத்தியில் தனி மவுசு. முகம் முறைத்தாலும் பெரும்பாலான ஸ்டிங்ரேக்களுக்குள் இருப்பது அதே 52 குதிரைவலு எஞ்சின். ‘டி’ என்று முடியும் வகைக்கு மட்டுமே டேர்போ, 64 குதிரைவலு. காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் உயரத்திலும் அதற்கு மூச்சு அவ்வளவாக வாங்காது. ஸ்டிங்ரேக்குக் கூடுதல் பணம் கொடுப்பதென்றால் டேர்போவுக்குக் கொடுங்கள். முகத்துக்குக் கொடுப்பது அவரவர் இஷ்டம்.

புதிதா, பழையதா என்ற கேள்விக்கு ஐந்து வருடம் இந்த நாட்டில் இடமே இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1இல். நடுவில் 2022 வந்தது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது, கியூஆர் அட்டையைக் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தது. 27 லீற்றர் தாங்கி உள்ள வேகன் ஆர்காரர் அன்று கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். பெரிய ஜீப் வைத்திருந்தவர் அதை ஷெட்டில் மூடி வைத்தார். சின்ன வண்டிக்குக் கிராக்கி ஏறிய காலம் அது. வாங்கிய விலையைவிடப் பல மடங்குக்கு விற்றவர்கள் உண்டு, பழசாகப் பழசாக விலை ஏறிய விசித்திரத்தை இந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தது. இறக்குமதி தொடங்கிய பிறகும் வரி, டொலர் விலை எல்லாம் சேர்ந்து புதுவண்டியைத் தூரத்திலேயே வைத்திருக்கின்றன. ஆகவே தோட்டத்துப் பக்கம் பேச்சு பெரும்பாலும் இங்கே ஏற்கெனவே பதிவான, 2014 முதல் 2018 வரையிலான வண்டிகளைப் பற்றித்தான்.

பழையது என்றால் எங்கே ஓடியது என்பதை முதலில் கேட்க வேண்டும். புரோக்கர்மார் எல்லோரிடமும் ஒரே வசனம்தான்: “தம்பி, லேடி டொக்டர் ஓடின வண்டி, கொழும்பை விட்டு வெளிய போனதே இல்ல.” இந்த நாட்டில் அத்தனை லேடி டொக்டர்கள் இருந்திருந்தால் தோட்ட ஆஸ்பத்திரிகளுக்கு ஒருவராவது வந்திருப்பார். கொழும்பிலேயே ஓடியது நல்லது என்ற நம்பிக்கையை நான் பாதிதான் ஏற்பேன். சமதரையில் ஓடிய சிவிடி கியர்பொக்ஸின் குறை சமதரையில் தெரியாது. முதல் நீண்ட ஏற்றத்தில்தான் வாய் திறக்கும். டிக்கோயாவிலோ தலவாக்கலையிலோ நாலு வருடம் ஓடிய வண்டியின் குறைகள் அநேகமாக வெளியே தெரியும். லோவர் ஆர்ம் புஷ் போயிருந்தால் குழியில் ‘டொக்’ என்று சத்தம் போடும், பிரேக் டிஸ்க் தேய்ந்திருந்தால் விரலில் விளிம்பு தட்டுப்படும். கேட்கிற குறைக்கு விலை பேசலாம். ஊர் கராஜ் பாஸுக்கு அந்த வண்டியின் கதை முழுக்கத் தெரிந்திருக்கும் என்பது இன்னொரு வசதி.

ஓட்டிப் பார்ப்பது டவுனைச் சுற்றி ஒரு ரவுண்டு என்று நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஹட்டனில் பார்க்கிற வண்டியானால் வட்டவளைப் பக்கம் இறங்கி, ஏசியைப் போட்டு, நாலு பேரை ஏற்றித் திரும்பி ஏறிப் பாருங்கள். ஏற்றத்தில் ஒருதடவை நிறுத்தி எடுங்கள். நடுக்கம், இழுவை, சுருதி மாறும் ஊளை ஏதாவது இருந்தால் சிவிடியைத் தெரிந்த ஆளிடம் காட்டாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். சிவிடி எண்ணெய் எப்போது மாற்றியது என்பதற்கு வாய்ச்சொல் போதாது, ரசீது வேண்டும். இறங்கும்போது கியரை ‘எல்’லில் போட்டு, வேகம் எஞ்சினிலேயே அடங்குகிறதா என்று கவனியுங்கள். மலையகத்தில் ஓட்டுகிறவர்களிலும் இந்த ‘எல்’ எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முழு இறக்கத்தையும் காலால் பிடித்துக்கொண்டே வந்து, சக்கரத்தில் கருகல் வாடை அடித்த பிறகு ஓரம் கட்டுவார்கள். 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் கொழும்புப் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தில் இன்றும் நம் வண்டிகள் போய் வருகின்றன.

2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலுக்குப் பிறகு பார்க்க வேண்டியது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கம்பளை போன்ற தாழ்ந்த ஊர்களில் வீடுகளோடு வாகனங்களும் நீரில் மூழ்கின. கழுவித் துடைத்து வாசனை அடித்து நிறுத்தினால் வண்டி பளிச்சென்று இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். யாரும் முழுதாக இழுத்துக் கழுவுவதில்லை, சேற்றின் கோடு அங்கே தங்கிவிடும். பிறகு முன் இருக்கையைப் பின்னே தள்ளிவிட்டுத் தண்டவாளத்தைப் பாருங்கள். துரு புதிதாகச் செம்மண் நிறத்தில் இருந்தால் சந்தேகப்படலாம். ஹைபிரிட்டின் லிதியம் பற்றரி இருப்பதும் முன் இருக்கைக்கு அடியில்தான். தண்ணீர் இருக்கையைத் தொட்டது என்றால் பற்றரியையும் தொட்டிருக்கும்.

தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை, ஏறக்குறைய 15 சென்டிமீற்றர். பிரதான வீதிக்கு அது தாராளம். கொழுந்து லொறி உழுதுபோட்ட தோட்டப் பாதையில் இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவே மேடு எழும்பி நிற்கும். ஆள் நிறைந்த வேகன் ஆர் அதன்மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் பணம் செலவழிக்க 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதை திருந்துகிறவரை வண்டியை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு லயத்துக்கு நடக்கிறவர்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் வீடு அப்படிப்பட்ட பாதையின் கடைசியில் இருக்கிறதென்றால், வேகன் ஆரை வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி. அதே 660 சிசியில் எஞ்சினை முன் இருக்கைக்கு அடியில் வைத்து, பின்சக்கரத்தால் தள்ளி ஏறும் சுசுகி எவ்ரி இருக்கிறது. பாரம் ஏற ஏறப் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கூடும். அழகு கம்மி. குளிரில் ஜன்னல் சத்தம் வேறு.

கடைசியாகக் காகிதம். ‘ஓபன் பேப்பர்’ என்று சொல்லி, பழைய சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி கைமாறுவது ஹட்டனிலும் சர்வசாதாரணம். இடையில் மூன்று பேர் மாறியிருப்பார்கள், பதிவுப் புத்தகத்தில் முதலாமவரே இருப்பார். அவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். விபத்து நடந்தால் பொலிஸ் தேடிப் போவது அவர் வீட்டை. நஷ்டஈடு கேட்டுப் போகிற உங்களிடம் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது உங்கள் பெயர் எங்கே என்று. புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கையில் வரும்வரை முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்காதீர்கள். “அண்ணே, நம்ம ஆளுதானே, அடுத்த வாரம் மாத்திக் கொடுத்துர்றேன்” என்பார். அந்த அடுத்த வாரம் வரட்டும், மிச்சப் பணமும் அப்போது போகட்டும். முற்பணத்துக்கு மட்டும் ரசீது எழுதி, அதில் செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியைப் பார்த்தே எழுதிக்கொள்ளுங்கள், புத்தகத்தைப் பார்த்து அல்ல.

எவ்ரியைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)