அமெரிக்க உள்நாட்டுப் போரின் துப்பாக்கிகள்

1861-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட பகுதிக்கும் தென் பகுதிக்கும் போர் மூண்டது. நான்காண்டுகள் நீடித்த அப்போருக்கு மூல காரணம் அடிமை முறையே. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். அவர்கள் ஏந்திய துப்பாக்கிகள் பல இன்றும் பொருட்காட்சிச் சாலைகளில் உள்ளன. அவை எங்கே பிறந்தன, யார் கைக்கு எவ்வாறு வந்தன என்பதையே இப்பேச்சில் விளக்க முற்படுகிறேன்.

முதலில் அவற்றின் அமைப்பைக் காண்போம். பழைய மஸ்கெட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. உருண்டைக் குண்டு அதனுள் அங்குமிங்கும் மோதியே வெளிப்படும். ஆதலால் நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறுவதே இயல்பு. குழலினுள் சுருள் வரிகளை வெட்டினால் குண்டு சுழன்று நேரே செல்லும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். ஆயினும் வரிகளைக் கவ்வுமளவு பருத்த குண்டை வாய்வழியே திணிக்க நெடுநேரம் பிடித்தது. மினியே என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரி 1849-இல் இதற்கு வழி கண்டார். அவர் அமைத்த குண்டு கூம்பு வடிவானது, அடிப்புறம் குடைவானது. குழலினும் சற்றுச் சிறிதாகையால் எளிதில் உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் அடிப்பாகம் விரிந்து வரிகளைக் கவ்வும். பழகிய வீரன் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடலாம்.

இத்தகைய துப்பாக்கிகளைச் செய்ய அமெரிக்க அரசாங்கத்துக்கு இரண்டு ஆயுதசாலைகள் இருந்தன. ஒன்று மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு. மற்றொன்று வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி. போர் தொடங்கியவுடன் வடவர் பின்னதற்குத் தீ வைத்துவிட்டு நீங்கினர். எனினும் தப்பிய யந்திரங்களைத் தென்னவர் ரிச்மண்டு நகருக்கும் ஃபேயெட்வில் நகருக்கும் கொண்டு சென்றனர். ரிச்மண்டில் செய்த துப்பாக்கியின் விசைத் தகட்டில் ஒரு திமில் போன்ற மேடு காணப்படும். முந்திய மாதிரியில் வெடி பொதிந்த காகித நாடாவைத் தாங்க அது பயன்பட்டது. பின்னர் நாடா கைவிடப்பட்டும், பழைய அச்சு மாறாமையால் மேடு மட்டும் எஞ்சியது.

உள்நாட்டு உற்பத்தி இரு சாராருக்கும் போதவில்லை. ஆஸ்திரியாவிலிருந்து லோரன்ஸ் துப்பாக்கிகள் வந்தன. அவற்றினும் மிகுதியாக, சுமார் ஒன்பது லட்சம் என்ஃபீல்டு துப்பாக்கிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. என்ஃபீல்டு என்பது பிரிட்டிஷ் சர்க்கார் ஆயுதசாலையின் பெயர். ஆனால் அமெரிக்கா சென்றவற்றுள் பெரும்பாலானவை பர்மிங்ஹாம், லண்டன் தனியார் பட்டறைகளில் உருவானவை. அப்பட்டறைகள் இரு தரப்பாருக்குமே விற்றன. இந்த 1853-ஆம் ஆண்டு மாதிரியின் கொழுப்புத் தடவிய தோட்டாவே, 1857-இல் நம் நாட்டுச் சிப்பாய்கள் கொதித்தெழ உடனடிக் காரணமாயிற்று.

தென்னவர் இவற்றுக்கு எதைக் கொண்டு விலை கொடுத்தனர்? பெரும்பாலும் பருத்தியைக் கொண்டே. கப்பல்கள் வடவரின் கடல் முற்றுகைக்குத் தப்பிப் பருத்தியை வெளியே கொண்டு சென்றன, ஆயுதங்களுடன் திரும்பின. அப்பருத்தியை விளைவித்தவர்கள் அடிமைகள். தம் தளையை நிலைநிறுத்தும் படைக்கலத்துக்கு அவர்களுடைய உழைப்பே விலையாயிற்று! ஆயினும் 1863-க்குப் பின் வடவர் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தனர். அவர்களுட் பலர் தோளிலும் இதே என்ஃபீல்டு விளங்கியது.

இறுதியாக ஒரு செய்தி. 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க் போருக்குப் பின் களத்தில் பொறுக்கியெடுத்த 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுள், பெரும்பாலானவை சுடப்படாமல் மருந்தோடு கிடந்தனவாம். பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று குண்டுகள் திணித்திருந்தன. பேரிரைச்சலிலும் புகையிலும், தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதைக்கூட உணராத இளைஞர்களின் கலக்கத்தை அக்குழல்கள் காட்டுகின்றன.

மாணவ நேயர்களே, பழம்பொருளைக் காணும்போது அதன் அழகோடு நின்றுவிடாதீர்கள். செய்தவர் யார், விலை கொடுத்தவர் யார், ஏந்தியவர் யார் என்று கேளுங்கள். வரலாற்றுக் கல்வி அக்கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது.