சிங்க்கில் படியும் பாறை

கோயம்புத்தூரில் பல வீடுகளின் சமையலறைச் சிங்க்குக்கு மேலே இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் சிறுவாணித் தண்ணீர், மற்றதில் போர் தண்ணீர். இரண்டையும் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. சிங்க்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். போர் குழாயின் வாயைச் சுற்றி வெள்ளை வளையம் கட்டியிருக்கும். தண்ணீர் சொட்டும் இடத்தில் விரலை வைத்தால் சொரசொரக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

சிறுவாணி, மலைக்காட்டில் பெய்த மழை. பாறைமேல் ஓடி அணையில் சேர்வதற்குள் எதையும் பெரிதாகக் கரைத்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைப்பதில்லை. போர் தண்ணீரின் கதை வேறு. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பல நூறு அடி ஆழத்துப் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் கிடந்து, வழியில் சந்தித்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து வைத்துக்கொள்கிறது. இதுவே கடினநீர். கொங்கு மண்ணில் சுக்கான்கல்லுக்குப் பஞ்சமே இல்லை. மதுக்கரையில் சிமென்ட் ஆலை எழுந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் இருந்ததால்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ அடிநிலமே சுண்ணாம்புப் பாறை. அங்கே கிணற்றுத் தண்ணீர் கடினமாக இல்லாதிருந்தால்தான் வியப்பு.

பூமிக்கு அடியில் நடந்த இந்த வேதிவினை, சிங்க்கில் அப்படியே தலைகீழாகத் திரும்புகிறது. தண்ணீர் வெளிக்காற்றுக்கு வந்ததும் கரியமில வாயு பறந்துவிடுகிறது. கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. சமையல் உப்பு காய்ந்து படிந்தால் அடுத்த சொட்டுத் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். இது ஓடாது. பாறையிலிருந்து வந்தது மறுபடியும் பாறையாகிவிட்டது.

எவ்வளவு படியும்? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடங்களில் 600 வரை ஒப்புக்கொள்கிறது. அந்த 600 மி.கி. தண்ணீரில் நாளுக்கு 100 மில்லி மட்டும் சிங்க்கின் மேல் காய்ந்துபோவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 60 மில்லிகிராம், ஆண்டுக்கு ஏறத்தாழ 22 கிராம் கல். அதைக் கரைக்க 4 சதவீத வினிகரில் 660 மில்லி வேண்டும். பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் அந்தக் கணக்கில் பெரும்பகுதி தொடங்குவதே இல்லை. எந்தக் கடையிலும் விற்காத இந்த முறையைவிடச் சிறந்த பராமரிப்பு எனக்குத் தெரியாது.

ஆகவே சிங்க் வாங்கப் போகுமுன் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள். பலரிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. அது காட்டுவது கரைந்துள்ள அத்தனை உப்புகளின் தோராய அளவை. அதில் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டி மாதிரியைக் கொடுத்தால் கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும் தனித்தனியே சொல்வார்கள். சிங்க்கைப் பொறுத்தவரை இந்த இரண்டு எண்களும் முக்கியம். கடினத்தன்மை கறையை உண்டாக்குகிறது. குளோரைடு உலோகத்தையே தின்கிறது.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். காற்று பட்டதும் அது மேற்பரப்பில் ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு கனம்தான் இருக்கும். கீறினாலும் தானே ஆறிக்கொள்ளும் படலம் அது. ஆனால் குளோரைடு அதை ஊசிமுனை அளவில் துளைக்கும். அதற்கு மிகவும் தோதான இடம் சுண்ணாம்புப் படிவின் அடிப்பகுதி. அங்கே காற்று புகாது, படலம் ஆறாது, உப்பு மட்டும் செறிந்துகொண்டே போகும். வெள்ளைக் கறையைச் சுரண்டி எடுத்த இடத்தில் கருப்புப் புள்ளியாக ஒரு குழி தெரிந்தால் அது இப்படி வந்ததுதான்.

எவர்சில்வரின் 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல 200 வரிசையைச் சேர்ந்தவை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்தவை. சில வகைகளில் குரோமியமும் குறைவு. நல்ல தண்ணீர் வரும் வீட்டில் அவையும் ஓரளவு தாங்கும். ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் உப்பேறிய போர் தண்ணீர் படும் சிங்க்குக்கு 304-க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "பாருங்க, ஒட்டல, ஒரிஜினல் 304" என்பார். 200 வரிசைத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. உண்மையான 304 சிங்க்கில், அழுத்தி வளைத்த மூலைகளில் லேசாக ஒட்டவும் செய்யும். காந்தத்தை விட்டுவிட்டு, பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள்.

வடிவமும் கவனிக்க வேண்டியது. இப்போது கூர்மூலையுள்ள சதுரச் சிங்க்குகள் நாகரிகமாகிவிட்டன. அடி தட்டையாக இருந்தால் தண்ணீர் வடியாமல் தேங்கும், தேங்கியது காயும், காய்ந்தது கல்லாகும். மூலைக்குள் தேய்க்கும் நாரும் நுழையாது. கடினநீர் வீட்டுக்கு மூலை உருண்டும் அடி வடிகாலை நோக்கிச் சரிந்தும் இருப்பதே நல்லது. கடையிலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம். கண்ணாடிபோல் மின்னும் பரப்பைவிட, மங்கலாக வரிவரியாக இழைத்த பரப்பில் கறை குறைவாகத் தெரியும். குவார்ட்ஸ் தூளும் பிசினும் கலந்து வார்த்த கருப்புச் சிங்க்குகள் துருப்பிடிக்காதவை, உறுதியானவை. ஆனால் கருப்பின் மேல் ஒவ்வொரு வெள்ளைச் சொட்டும் தெரியும். இளஞ்சாம்பல் நிறம் எடுங்கள்.

கறை படிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நம் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. கழிவறைக்கு வாங்கிய ஆசிடை ஒரு மூடி ஊற்றிவிடுகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கல் நொடியில் பொங்கிக் கரையும். கூடவே எவர்சில்வரின் படலமும் போகும். எஃகுக்கு ஆகாத குளோரைடை நாமே கையால் ஊற்றுகிறோம். பக்கத்தில் கடப்பாக்கல் மேடை இருந்தால் அதுவும் அரிக்கும், ஏனெனில் கடப்பாக்கல்லே ஒரு சுண்ணாம்புக்கல். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் இந்த ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து சமையலறைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

மென்மையான அமிலமே போதும். கடைகளில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூளை ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, துணியை நனைத்துக் கறைமேல் கால் மணி நேரம் போர்த்தி வையுங்கள். பிறகு தேங்காய் நாரால் தேய்த்து, நன்றாக அலசி, துடைத்துவிடுங்கள். குழாய் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றி அதே கரைசலில் ஊறப்போட்டால் தண்ணீர் பழைய வேகத்தில் வரும். இரும்புக் கம்பி நார் வேண்டாம். அதன் துணுக்குகள் சிங்க்கில் தங்கித் துருவேறும். வினிகரையும் ஆப்பசோடாவையும் சேர்த்து ஊற்றச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். கல்லைக் கரைக்க வேண்டிய அமிலம் அந்த நுரையிலேயே தீர்ந்துபோகும்.

ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாயைச் சிங்க்கில் விட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். மூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டர் குடிநீராகப் பிரிந்தால், மீதி இரண்டு லிட்டரில் உப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அது மெல்லிய தாரையாக நாள் முழுதும் ஒரே இடத்தில் விழுகிறது. அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் பகுதி. இதைவிடக் கடுமையான வேலையைக் கால்சியம் கீழே, குழாய்க்குள் செய்கிறது.

எண்ணெய்ச் சட்டியைக் கழுவி ஊற்றும்போது உள்ளே போகும் கொழுப்பு, கழிவுநீரில் உள்ள நுண்ணுயிர்களால் கொழுப்பு அமிலங்களாக உடைகிறது. வடையும் பஜ்ஜியும் பலமுறை பொரித்த எண்ணெயில் இந்த அமிலங்கள் முன்பே நிறைய இருக்கும். அவை கால்சியத்தைச் சந்தித்தால் கால்சியம் சோப்பு உண்டாகிறது. நாம் குளிக்கும் சோப்பு சோடியம் சோப்பு, நீரில் கரையும். கால்சியம் சோப்பு கரையாது. மெழுகைவிடக் கெட்டியாகக் குழாய்ச் சுவரில் ஒட்டும். ரேஷன் கடையில் வாங்கும் பாமாயிலில் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டது பால்மிட்டிக் அமிலம். இப்படிக் கெட்டிப்படுவதில் அது முன்னணியில் நிற்பது. 2017இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்களே, இப்படித் திரளும் கழிவின் பிரம்மாண்ட வடிவம் அது. லண்டனின் தண்ணீரும் சுண்ணாம்பு நிலத்திலிருந்து வரும் கடினநீர்.

இந்த இடத்தில்தான் சிங்க்குக்கு அடியில் பொருத்தி உணவுக் கழிவை அரைக்கும் டிஸ்போசரைப் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஜான் ஹேம்ஸ் 1927இல் உருவாக்கியது இது. இதில் கத்தி கிடையாது. சுழலும் தட்டு உணவுக் கழிவை ஓரத்துக்கு வீசும். அங்குள்ள பல் வளையம் உரசிப் பொடியாக்கும். தண்ணீர் அதை அடித்துச் செல்லும். அவ்வளவு தூளையும் வாங்கிக்கொள்ளப் பெரிய சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் பின்னால் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் உருவான கருவி. அப்படி இருந்தும் நியூயார்க் நகரம் தன் சாக்கடைகளுக்கு அஞ்சி வீடுகளில் இதற்கு விதித்திருந்த தடையை 1997இல்தான் முழுமையாக நீக்கியது.

நம் வீடுகளில் பெரும்பாலானவை செப்டிக் டேங்கை நம்பி இருப்பவை. அரைத்துத் தள்ளும் ஒவ்வொரு கைப்பிடியும் தொட்டியின் அடியில் சகதியாகச் சேரும். லாரியைச் சீக்கிரமே கூப்பிட வேண்டியிருக்கும். நம் சமையல் கழிவோ நாராலானது: வாழைத்தண்டு நார், முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய்க் குடுமி. புளியங்கொட்டையும் சேர்ந்தால் தட்டு சிக்கி நிற்கும். பொடியான மாவும் கொழுப்பும் கால்சியம் சோப்பில் ஒட்டிக்கொண்டால் குழாய் இன்னும் விரைவாக அடைபடும். போர் தண்ணீரும் செப்டிக் டேங்கும் உள்ள வீட்டில் டிஸ்போசர் வேண்டாம் என்றே சொல்வேன். பாதாளச் சாக்கடை இணைப்புள்ள அடுக்ககத்தில் ஏற்கெனவே பொருத்தியிருந்தால், பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். வெந்நீர் கொழுப்பை உருக்கும். அது தள்ளிப்போய்க் கையெட்டாத இடத்தில் உறையும். மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலை உள்ளே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் பல் வளையத்தின் படிவு கரையும். நாரையும் எண்ணெயையும் அதில் போடவே கூடாது.

மற்ற வீடுகளுக்கு நுண்துளை ஜாலி ஒன்றும் ஒரு மக்கும் குப்பை வாளியும் போதும். எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்து, தாளையும் அந்த வாளியிலேயே போடுங்கள்.

அடைப்பு விழுந்துவிட்டால் காஸ்டிக் சோடாத் தூளை அள்ளிக் கொட்ட வேண்டாம். அது புதிய கொழுப்பைக் கரைக்கும். கெட்டிப்பட்ட கால்சியம் சோப்பின்மேல் அதன் பலம் செல்லாது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கு ஆபத்து. சிங்க்குக்கு அடியிலுள்ள பாட்டில் டிராப்பின் அடிமூடி பெரும்பாலும் கையாலேயே திருகக்கூடியது. கீழே ஒரு வாளியை வைத்துக் கழற்றி, உள்ளே படிந்ததைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி, வாஷரைத் துடைத்துச் சரியாக உட்காரவைத்து மறுபடியும் மூடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் கசிகிறதா என்று பாருங்கள்.