திரும்பி வந்த காசோலையும் தாமதத்தின் விலையும்

கணக்கில் போதிய பணமின்றித் திரும்பும் காசோலையைக் குற்றமாக்கியது, 1989 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. முதலில் ஓராண்டு வரை எனவிருந்த சிறைத்தண்டனை, 2002-இல் நிறைவேறிய திருத்தத்தால் ஈராண்டு வரை என்றாயிற்று. காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமும் உண்டு. வழக்கை ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் அதே திருத்தம் கூறியது.

ஆயினும், 2019 இறுதியில் நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடிக் குற்றவியல் வழக்குகளுள் 35.16 லட்சம் காசோலை வழக்குகள். அதாவது, நூற்றுக்குப் பதினைந்து. தண்டனை கூடியும் வழக்குகள் குறையாதது ஏன்?

குற்றம் புரிபவரும் ஆதாயத்தையும் செலவையும் எடைபோடுகிறார் என்று 1968-இல் எழுதினார் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர். பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு, தண்டனை எவ்வளவு என்பதே அவர் கணக்கு. காசோலையைப் பொறுத்தவரை குற்றவாளியைத் தேடவேண்டியதில்லை, கையொப்பமே இருக்கிறது. இங்கு ஐயத்திற்குரியது காலம் மட்டுமே. ரூ.5 லட்சம் தரவேண்டியவர் நான்காண்டுகள் வழக்கை இழுத்து, இறுதியில் அசலை மட்டும் கொடுத்துச் சமரசம் செய்துகொள்கிறார் எனக் கொள்வோம். 12 விழுக்காடு தனிவட்டியில் அவருக்கு மிச்சம் ரூ.2.40 லட்சம். பணம் பெறவேண்டியவரோ வழக்கறிஞர் கட்டணமும் செலுத்தி, கடையையும் பூட்டிவிட்டு நீதிமன்றப் படியேறுகிறார். வங்கியாளராகிய நம் கண்ணுக்கு இது பிணையும் வட்டியும் இல்லாத கடனாகவே படுகிறது.

இக்கணக்கை மாற்றும் முயற்சி, தாமதத்திற்கு விலை வைப்பதில்தான் தொடங்கியது. காலங்கடந்து சமரசத்திற்கு வருபவர் கூடுதல் தொகை செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் படிநிலை வகுத்தது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குற்றத்தை மறுப்பவர் காசோலைத் தொகையில் 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடாகத் தருமாறு நீதிமன்றம் தன் விருப்புரிமையில் ஆணையிடலாம். பின்னர் அவர் விடுதலையானால், அத்தொகை ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்துடன் அவருக்குத் திரும்பும். காத்திருப்புக்கு இருதரப்பிலும் விலையுண்டு என்பதைச் சட்டம் இங்கே ஒப்புக்கொள்கிறது. சிறையாண்டுகளைக் கூட்டுவதினும் இதுவே பயன்தரும் வழி என்பது நம் கருத்து.

தாமதம் பணம் பெறவேண்டியவர் பக்கத்திலும் நேர்வதுண்டு. “அடுத்த வாரம் தருகிறேன்” என்ற வாய்மொழியை நம்பி வாரங்களைக் கழிப்போர் பலர். காசோலை திரும்பியதாக வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாட்கள் அவகாசம். அதன்பின் ஒரு மாதத்திற்குள் நீதித்துறை நடுவரிடம் புகார் அளித்தாக வேண்டும். ஆகவே வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவையும், அறிவிப்பு சென்றடைந்ததற்கான அஞ்சல் ஒப்புகையையும் காசோலையுடன் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.